கன்னாபிடியால் மனச்சோர்வுக்கு மருந்தாகுமா? விலங்கு ஆய்வுகளைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டுகள் என்ற வகையைச் சேர்ந்த வேதிப்பொருட்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் இரண்டுதான் அடிக்கடி பேசப்படுகின்றன. ஒன்று, போதை ஏற்றும் டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டிஎச்சி. மற்றொன்று, போதை ஏற்றாத கன்னாபிடியால், சுருக்கமாக சிபிடி. இரண்டிலும் இருப்பவை அதே 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்களே. டிஎச்சியில் ஒரு வளையம் மூடியிருக்கிறது, சிபிடியில் அது திறந்திருக்கிறது. அந்தச் சிறு வேறுபாடே போதும்: மூளையில் டிஎச்சி பற்றிக்கொள்ளும் சிபி1 என்ற ஏற்பியை, அதாவது வேதிப்பொருட்கள் வந்து பற்றும் புரதத்தை, சிபிடியால் அதே வலுவோடு பற்ற முடிவதில்லை. கஞ்சா என்றதும் எழும் அச்சத்தையோ ஆர்வத்தையோ அப்படியே சிபிடியின் மேல் ஏற்றிவிடுவது இதனால்தான் பொருந்துவதில்லை.

சிபிடியை 1940இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸ் பிரித்தெடுத்தார். 1963இல் இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலம் அதன் மூலக்கூறு அமைப்பைத் துல்லியமாகக் கண்டறிந்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் டிஎச்சியின் நிழலிலேயே கிடந்த இந்தப் பொருளை விடாமல் ஆராய்ந்தவர்களில் பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தினர் முக்கியமானவர்கள். இக்கட்டுரையில் வரும் முதன்மையான சோதனைகள் பெரும்பாலும் அவர்களுடையவை.

மன அழுத்தத்தால் வரும் மனச்சோர்வைச் சிபிடி குறைப்பது எலிகளில் தெரியவந்துள்ளது என்ற வகைச் செய்திகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. செய்தி பொய்யல்ல. ஆனால் எலிக்கு மனச்சோர்வு என்று எதை வைத்துச் சொன்னார்கள், அது குறைந்ததை எப்படி அளந்தார்கள், எவ்வளவு மருந்தை எந்த வழியில் கொடுத்தார்கள் என்பதெல்லாம் தெரியாமல் அந்த வரியிலிருந்து யாரும் ஒரு முடிவுக்கு வர முடியாது. மனச்சோர்வோடு போராடும் ஒருவரோ அவருடைய குடும்பத்தினரோ அந்தச் செய்தியைப் படிக்கும்போது உண்டாகும் எதிர்பார்ப்பு மிகப் பெரியது. அந்த எதிர்பார்ப்புக்கு மதிப்புக் கொடுப்பதென்றால் சோதனைக்கூடத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் இரண்டு நிலைகளைப் பிரித்துக்கொள்வோம். இங்கே மன அழுத்தம் என்பது நெருக்கடிக்கு உடலும் மூளையும் காட்டும் எதிர்வினை. மனச்சோர்வு என்பது வாரக்கணக்கில் நீடிக்கும் நோய்: எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் குலைவது, தான் எதற்கும் பயனில்லை என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைவு. முதலாவது இரண்டாவதற்கு இட்டுச்செல்லலாம்; எல்லாரிடமும் அப்படி நேர்வதில்லை.

இட்டுச்செல்லும் வழி ஓரளவு தெரிந்ததே. நெருக்கடி வரும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டுகிறது, கார்டிசோல் ஹார்மோன் இரத்தத்தில் ஏறுகிறது. எலிகளில் அதே வேலையைச் செய்வது கார்டிகோஸ்டிரோன். நெருக்கடி கடந்ததும், நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி இந்தச் சங்கிலியை அடக்கிவிட வேண்டும். நெருக்கடி ஓயாமல் தொடர்ந்தால் அந்த ஹிப்போகாம்பஸே பாதிக்கப்படுகிறது. அதன் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குகின்றன, புதிய நரம்பணுக்கள் பிறப்பது குறைகிறது, நரம்பணுக்களைப் பேணி வளர்க்கும் பிடிஎன்எஃப் என்ற புரதத்தின் அளவும் குறைகிறது. திட்டமிடலுக்கும் தன்னடக்கத்திற்கும் உரிய முன்நெற்றிப் புறணியிலும் இதுபோன்ற சுருக்கம் காணப்படுகிறது. அடக்க வேண்டிய பகுதி தளர்ந்துவிடுவதால் கார்டிகோஸ்டிரோன் மேலும் ஏறுகிறது. எலிகளில் இந்தச் சுழலைக் கண்முன்னே உருவாக்கிப் பார்க்க முடிகிறது என்பதே விலங்கு ஆய்வுகளின் பெரிய பலம். மனிதமூளையைத் திறந்து நரம்பணுக் கிளைகளை எண்ண முடியாது.

சுழலை உருவாக்க மிகவும் கையாளப்படும் முறை, பிரிட்டிஷ் உளவியலாளர் பால் வில்னரின் குழு 1980களில் செம்மைப்படுத்திய நாட்பட்ட மிதமான அழுத்த முறை. இதில் விலங்கை அடிப்பதோ காயப்படுத்துவதோ இல்லை. ஒரு நாள் கூண்டைச் சாய்த்து வைப்பார்கள். மறுநாள் கூண்டில் விரித்திருக்கும் மரத்தூளை நனைத்துவிடுவார்கள். இன்னொரு நாள் இரவு முழுவதும் விளக்கை அணைக்க மாட்டார்கள். பிறகு ஒரு நாள் சில மணிநேரம் தண்ணீர் இருக்காது, வேறொரு நாள் முன்பின் அறியாத எலி ஒன்று கூண்டுக்குள் வரும். எது எப்போது வரும் என்று விலங்கால் ஊகிக்க முடியாதபடி வரிசையை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் இதில் முக்கியம். ஒரே தொல்லை தினமும் ஒரே நேரத்தில் வந்தால் விலங்கு அதற்குப் பழகிவிடுகிறது. சில வாரங்கள் இப்படிக் கழிந்தபின் கூண்டில் இரண்டு குப்பிகள் வைக்கப்படும். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றொன்றில் மெல்லிய சர்க்கரைக் கரைசல். நலமாக இருக்கும் எலி சர்க்கரைக் குப்பியை விடாது. அழுத்தத்துக்கு உள்ளான எலியோ இரண்டையும் ஏறத்தாழ ஒன்றுபோல் குடிக்கத் தொடங்குகிறது. குப்பிகளை எடைபோட்டால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். இன்பம் தருவதில் நாட்டம் குறைவது மனித மனச்சோர்வின் மைய அறிகுறி என்பதால், எலியிடம் அளக்கக்கூடிய அடையாளங்களில் இதுவே நோய்க்கு மிக நெருக்கமானது என்று நான் கருதுகிறேன்.

அதைவிடப் பரவலாகக் கையாளப்படுவது கட்டாய நீச்சல் சோதனை. 1977இல் ரோஜர் போர்சோல்ட் வகுத்தது. ஏறிவர முடியாத உயரமுள்ள கண்ணாடி உருளையில், வெதுவெதுப்பும் இல்லாத குளிரும் இல்லாத தண்ணீரில், சுண்டெலியை விடுகிறார்கள். முதலில் அது சுவரைப் பிறாண்டி ஏறப் பார்க்கும், சுற்றிச் சுற்றி நீந்தும். கொஞ்ச நேரத்தில் ஓய்ந்து, மூக்கு மட்டும் நீருக்கு மேல் இருக்கும்படி அசையாமல் மிதக்கும். வழக்கமாக 6 நிமிடம் நடக்கும் இச்சோதனையின் கடைசி 4 நிமிடங்களில் சுண்டெலி எத்தனை நொடிகள் அசையாமல் இருந்தது என்று எண்ணுகிறார்கள். மனிதர்களுக்குக் கொடுக்கப்படும் மனச்சோர்வு மருந்துகளை முன்னதாகக் கொடுத்தால் அசையாத நேரம் குறைகிறது. எனவே புதிய பொருள் ஒன்று அதைக் குறைத்தால், அதற்கும் அத்தகைய தன்மை இருக்கலாம் என்று கொள்கிறார்கள். ஆய்வாளர்கள் கவனமாக மனச்சோர்வு நீக்கி போன்ற விளைவு என்றே எழுதுவார்கள். போன்ற என்ற அந்தச் சொல் செய்தியாக மாறும்போது பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது.

அசையாமல் மிதப்பதைக் கைவிடுதல் என்று படிப்பது சரியா என்ற விவாதம் வெகுநாளாக நடக்கிறது. தப்ப வழியில்லை என்று கற்றுக்கொண்ட விலங்கு வலுவைச் சேமித்து மிதப்பது அறிவான செயலும் ஆகலாம். நலமான சுண்டெலியை 6 நிமிடம் நீரில் விட்டுப் பார்ப்பதை, மாதக்கணக்கில் மனிதரை வாட்டும் நோய்க்கு நிகர் என்று சொல்ல முடியாது. சில பெரிய மருந்து நிறுவனங்கள் இச்சோதனையைக் கைவிட்டுவிட்டன. இருந்தாலும் சிபிடி பற்றிய தொடக்க ஆய்வுகள் இதையே நம்பியிருப்பதால் இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது.

அவற்றில் 2010இல் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் ரிபெய்ராவ் பிரெட்டோ வளாகத்திலிருந்து வெளிவந்த ஆய்வு, ஒரு சோதனையை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கே நல்ல பாடம். ஆண் சுண்டெலிகளைக் குழுக்களாகப் பிரித்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3, 10, 30, 100 மில்லிகிராம் என்ற வெவ்வேறு அளவுகளில் வயிற்றறைக்குள் ஊசி மூலம் சிபிடியைச் செலுத்தினார்கள். ஒரு குழுவுக்கு மருந்தில்லாத கரைசல் மட்டும். மற்றொரு குழுவுக்கு, மனிதர்களிடம் பயன் தருவதாக 1950களிலிருந்தே அறியப்பட்ட இமிப்ரமின். பிறகு நீச்சல் சோதனை. சிபிடி கிலோவுக்கு 30 மில்லிகிராம் பெற்ற சுண்டெலிகள் அசையாமல் இருந்த நேரம் இமிப்ரமின் பெற்றவற்றைப் போலவே குறைந்தது.

அத்தோடு அவர்கள் நிறுத்தவில்லை. வெறும் சுறுசுறுப்பைக் கூட்டும் பொருள் எதுவும் சுண்டெலியை அதிக நேரம் நீந்த வைத்துவிடும். காஃபீனும் அப்படிச் செய்யும். எனவே வேறு சுண்டெலிகளைத் திறந்த பெட்டியில் விட்டு, அவை எவ்வளவு தூரம் ஓடித் திரிகின்றன என்று பார்த்தார்கள். சிபிடி அதைக் கூட்டவில்லை. ஆக, நீந்தியது வெறும் பரபரப்பால் அல்ல. அடுத்து, மனநிலையோடு தொடர்புடைய மூளை வேதிப்பொருளான செரோடோனின் பற்றும் ஏற்பிகளில் ஒன்றான 5-எச்டி1ஏ என்பதை மட்டும் அடைத்துவிடும் பொருளை முதலில் கொடுத்துவிட்டுச் சிபிடியைக் கொடுத்தார்கள். சிபிடியின் விளைவு மறைந்துபோனது. ஒரு வழியை அடைத்ததும் விளைவு நின்றுவிட்டால், விளைவு அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது என்று சொல்ல ஆதாரம் கிடைக்கிறது. பார்த்தது, சந்தேகப்பட்டது, வழியை அடைத்துச் சரிபார்த்தது என்ற இந்த ஒழுங்குதான் அந்த ஆய்வுக்கு இன்றுவரை மதிப்பைத் தருகிறது.

அந்த ஆய்வின் முடிவுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 3 மில்லிகிராமில் பயனில்லை, 10இல் இல்லை, 30இல் பயன் தெரிந்தது, 100இல் மறுபடியும் இல்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்போம்; இங்கே அளவுக்கு மிஞ்சியது நஞ்சாகவில்லை, வெறுமனே வேலை செய்யாமல் போனது. வரைபடமாகப் போட்டால் கவிழ்த்த கிண்ணம் போல் ஏறி இறங்கும் இந்தப் போக்கு சிபிடி ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. மனிதர்களிடமும் அதே பிரேசில் ஆய்வாளர்கள் இதைக் கண்டார்கள். மேடையில் பேச வேண்டிய பதற்றத்தை அளந்த சோதனைகளில், நலமான தன்னார்வலர்களுக்கு 300 மில்லிகிராம் சிபிடி பதற்றத்தைக் குறைத்தது. அதைவிடக் குறைந்த அளவும் உயர்ந்த அளவும் குறைக்கவில்லை. 2017இல் வெளிவந்த ஆய்வில் 100, 300, 900 என்ற அளவுகளும், 2019இல் வெளிவந்ததில் 150, 300, 600 என்ற அளவுகளும் ஒப்பிடப்பட்டன. இரண்டிலும் நடு அளவே வென்றது. கூடுதலாக எடுத்தால் கூடுதல் பலன் என்று எண்ணிச் சிபிடி எண்ணெயின் சொட்டுகளைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் இப்படி? சிபிடி ஒரே இடத்தில் வேலை செய்யும் பொருள் அல்ல என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். சிறிய அளவில் ஓர் ஏற்பியைத் தொடுகிறது. அளவு கூடும்போது வேறு ஏற்பிகளையும் தொடுகிறது, அவற்றில் சில முதல் விளைவுக்கு எதிராக வேலை செய்கின்றன. பதற்ற ஆய்வுகளில், உயர்ந்த அளவில் டிஆர்பிவி1 என்ற ஏற்பி இப்படி எதிர்வேலை செய்வதற்குச் சான்று உண்டு. மிளகாயின் காரத்தை நமக்கு உணர்த்துவதும் அதே ஏற்பிதான்.

செரோடோனின் வழியைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் பல வந்துவிட்டன. செரோடோனின் உற்பத்தியையே முன்கூட்டித் தடுத்துவிட்ட சுண்டெலிகளில் சிபிடிக்கு விளைவு இல்லை என்று 2018இல் அதே பிரேசில் குழுவினர் காட்டினார்கள். ஸ்பெயினில் 2016இல் நடந்த ஆய்வொன்றில், மூளையில் வாசனையை உணரும் பகுதியான மோப்பக் குமிழ்களை அகற்றியதால் மனச்சோர்வை ஒத்த நடத்தைகளைக் காட்டிய சுண்டெலிகளுக்குச் சிபிடி கொடுத்தபோது, முன்நெற்றிப் புறணியில் செரோடோனினும், நரம்பணுக்களிடையே சைகை கடத்தும் மற்றொரு வேதிப்பொருளான குளுட்டமேட்டும் உயர்ந்தன. முதல் ஊசியிலேயே நடத்தையில் மாற்றம் தெரிந்தது. வாய்வழியாகச் சிபிடி கொடுத்த இஸ்ரேலிய ஆய்வில், பிறவியிலேயே மந்தமும் ஒதுங்கும் இயல்பும் உள்ள ஓர் எலியினத்தில் இனிப்பு நாட்டம் கூடியது. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு விலங்கினங்களில், வெவ்வேறு முறைகளில் முடிவுகள் ஒரே பக்கம் சாய்வதை அலட்சியப்படுத்த முடியாது.

அடுத்த வழி, நம் உடலே உற்பத்தி செய்யும் கன்னாபினாய்டுகள். சிபி1 ஏற்பி மூளையில் இருப்பது உறுதியான பிறகு, அது எதற்காக இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. 1992இல் மெக்கூலத்தின் குழு ஆனந்தமைடு என்ற பொருளை மூளையிலேயே கண்டெடுத்தது. பெயரில் இருப்பது நாமறிந்த ஆனந்தமே. நரம்பணுக்கள் தேவைப்படும்போது ஆனந்தமைடை உண்டாக்குகின்றன, எஃப்ஏஏஎச் என்ற நொதி அதை விரைவில் சிதைத்துவிடுகிறது. அழுத்தத்தின்போது கிளம்பும் எதிர்வினையைத் தணிப்பதில் ஆனந்தமைடுக்குப் பங்குண்டு. சிபிடி தானாகச் சிபி1 ஏற்பியை வலுவாகப் பற்றாவிட்டாலும், ஆனந்தமைடு சிதைவதைத் தாமதப்படுத்தி அதன் அளவை உயர்த்துவதாக எலியின் திசுக்களில் காணப்பட்டது. மனிதர்களில் அந்த நொதியைச் சிபிடி நேரடியாகத் தடுக்கிறதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆனாலும் 2012இல் ஜெர்மனியில் மனச்சிதைவு நோயாளிகளுக்குச் சிபிடி கொடுத்தபோது அவர்கள் இரத்தத்தில் ஆனந்தமைடு உயர்ந்தது.

இந்த அமைப்புக்கும் மனிதரின் மனநிலைக்கும் தொடர்பு உண்டா என்று சந்தேகிப்பவர்கள் ரிமோனபான்ட் என்ற மருந்தின் கதையைப் பார்க்கலாம். உடல் பருமனைக் குறைக்க 2006இல் ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்ட அந்த மருந்து சிபி1 ஏற்பியை அடைத்துவிடும் தன்மையுடையது. பசி குறைந்தது, எடையும் குறைந்தது. ஆனால் எடுத்துக்கொண்டவர்களில் மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடுவது தெரியவந்து, 2008இல் விற்பனை நிறுத்தப்பட்டது. யாரும் விரும்பிச் செய்யாத இந்தப் பெரும் சோதனை, அந்த ஏற்பி மனநிலையைத் தாங்கிப் பிடிப்பதில் பங்கு வகிக்கிறது என்பதை மனிதர்களிடமே காட்டிவிட்டது. விலங்கு ஆய்வுகளுக்கு வெளியே இருந்து கிடைத்த சான்றுகளில் இதையே நான் மிகவும் கனமானதாக நினைக்கிறேன்.

மன அழுத்தத்தையே நேரடியாக எடுத்துக்கொண்ட ஆய்வுகளில் 2013இல் வெளிவந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுண்டெலிகளை 14 நாட்கள் ஊகிக்க முடியாத தொல்லைகளுக்கு உள்ளாக்கி, ஒவ்வொரு நாளும் தொல்லைக்குப் பிறகு கிலோவுக்கு 30 மில்லிகிராம் சிபிடி கொடுத்தார்கள். பிறகு வந்த ஒரு சோதனையில், பசித்த சுண்டெலியை முன்பின் அறியாத வெளிச்சமான பெட்டியில் விட்டு, நடுவே உணவை வைத்தார்கள். பசி இழுக்கிறது, புதிய இடம் அச்சுறுத்துகிறது. அழுத்தத்துக்கு உள்ளான சுண்டெலி ஓரத்திலேயே தயங்கி வெகுநேரம் கழித்தே உணவைத் தொடும். சிபிடி பெற்றவை அவ்வளவு தயங்கவில்லை. அவற்றின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதும் கூடியிருந்தது.

இரண்டும் சேர்ந்து நடந்தன என்பதால் ஒன்றால் மற்றொன்று நடந்தது என்று ஆகிவிடாது. இதைத் தீர்க்க, ஒரு மருந்தைக் கொடுத்தால் புதிய நரம்பணுக்கள் பிறப்பதே நின்றுவிடும்படி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளை எடுத்தார்கள். அந்தப் பிறப்பை நிறுத்திவிட்டு அதே அழுத்தம், அதே சிபிடி. இம்முறை சிபிடி பயன்படவில்லை. சுண்டெலிகள் தயங்கியே நின்றன. அழுத்தத்தின் விளைவைச் சிபிடி தணிப்பதற்கு ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்கள் பிறப்பது தேவை என்பது இப்படி நிறுவப்பட்டது. அந்த ஆய்வு அளந்தது முதன்மையாகப் பதற்றத்தை. பதற்றமும் மனச்சோர்வும் ஒன்றாக வருவது வழக்கம் என்றாலும், ஒன்றின் முடிவை மற்றொன்றின் கணக்கில் எழுதக் கூடாது.

இன்று வழக்கில் உள்ள மனச்சோர்வு மருந்துகளின் பெரிய குறை அவற்றின் தாமதம். ஃபுளுவாக்ஸெட்டினோ எசிட்டலோப்ராமோ தொடங்கினால் பலன் தெரிய வாரங்கள் ஆகும். முதல் மருந்திலேயே முழுமையாகத் தேறுபவர்கள் பாதிக்கும் குறைவு. ஆகவே 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு கவனத்தை ஈர்த்தது. விலங்குகளுக்கு ஒரே ஒரு முறை கொடுத்த சிபிடியின் விளைவு அரைமணி நேரத்தில் தெரிந்ததோடு, 7 நாட்களுக்குப் பின்னும் நீடித்தது. முன்நெற்றிப் புறணியில் பிடிஎன்எஃப் புரதமும், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணையும் இடங்களும் கூடியிருந்தன. பிடிஎன்எஃப் பற்றும் ஏற்பியை அடைத்தால் விளைவு மறைந்தது. கெட்டமைன் என்ற மயக்க மருந்து குறைந்த அளவில் சில மணிநேரத்திலேயே மனச்சோர்வைத் தணிப்பதற்கு எலிகளில் கண்டறியப்பட்ட வழியும் ஏறத்தாழ இதுவே. கெட்டமைனின் ஒரு வடிவமான எஸ்கெட்டமைன் 2019இல் அமெரிக்காவில் மனச்சோர்வு சிகிச்சைக்கு அனுமதி பெற்றதால், அதே பாதையில் போதையில்லாத பொருள் ஒன்று தென்பட்டதும் நம்பிக்கை பிறந்ததில் வியப்பில்லை. ஒன்றைச் சொல்ல வேண்டும்: கெட்டமைன் விஷயத்தில் மனிதர்களிடம் பலன் முதலில் தெரிந்தது, வழிமுறை பிறகு எலிகளில் தேடப்பட்டது. சிபிடியில் வரிசை தலைகீழ்.

வரிசை தலைகீழாக இருக்கும்போது பலமுறை ஏமாற்றமே நேர்ந்திருக்கிறது. சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளின் ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள் விலங்குகளில் நல்ல பலன் காட்டின. அவற்றில் ஒன்றான அப்ரெபிடன்ட் மனச்சோர்வுக்கான பெரிய மனிதச் சோதனைகளில் தோற்று, இன்று புற்றுநோய் சிகிச்சையின்போது வரும் வாந்தியைத் தடுக்கப் பயன்படுகிறது. சிபிடி ஆய்வுகளுக்கே உரிய குறைகளும் உண்டு. பெரும்பாலானவை ஆண் விலங்குகளில் நடந்தவை. மனச்சோர்வோ ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். பல ஆய்வுகள் அழுத்தமே கொடுக்கப்படாத நலமான விலங்குகளில் ஒரே நாளில் முடிந்தவை. பிடிஎன்எஃப் கூடுவதாகச் சில ஆய்வுகள் சொல்ல, 2010 ஆய்வு ஹிப்போகாம்பஸில் அது மாறவில்லை என்றது.

அளவுக் கணக்கும் நேரடியானதல்ல. சுண்டெலிக்குக் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்பதை 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு அப்படியே பெருக்கினால் 1,800 மில்லிகிராம் வரும். அது தவறான கணக்கு. சிறிய விலங்கின் உடல் மருந்தை மிக வேகமாகச் செலவழிப்பதால், உடற்பரப்பை அடிப்படையாகக் கொண்டு சுண்டெலியின் அளவை ஏறத்தாழ 12ஆல் வகுப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் 150 மில்லிகிராமை ஒட்டி வருகிறது. அதுவும் ஊசிக்கான கணக்கு. வாய்வழி எடுத்துக்கொள்ளும் சிபிடியில் பெரும்பகுதி கல்லீரலைத் தாண்டுவதற்குள் சிதைந்துவிடுகிறது, வெறும் வயிற்றில் எடுத்தால் 10 சதவீதம்கூட இரத்தத்துக்குப் போய்ச்சேருவதில்லை. கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் நான்கைந்து மடங்கு கூடுதலாகச் சேருகிறது. பயன்தரும் அளவின் இடைவெளி குறுகலாக இருக்கும் ஒரு பொருளுக்கு இந்த ஏற்ற இறக்கம் பெரிய சிக்கல்.

மனிதர்களிடம் சிபிடிக்கு உறுதியான இடம் கிடைத்திருப்பது வலிப்பு நோயில். எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் தூய சிபிடி, குழந்தைப்பருவத்தில் தொடங்கும் இரண்டு கடும் வலிப்பு நோய்களுக்காக 2018 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனச்சோர்வுக்கு அப்படி அனுமதி பெற்ற சிபிடி மருந்து எதுவும் இல்லை. இருமுனைக் கோளாறில் வரும் மனச்சோர்வுக்கு வழக்கமான மருந்தோடு சிபிடியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சிறிய பிரேசில் ஆய்வொன்றில், சிபிடி பெற்றவர்கள் தேறினார்கள். போலி மருந்து பெற்றவர்களும் ஏறத்தாழ அதே அளவு தேறினார்கள். மனச்சோர்வு ஆய்வுகளில் போலி மருந்தின் பலன் எப்போதுமே பெரியது. எண்ணெயைச் சில நாள் எடுத்தேன், மனம் லேசாயிற்று என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது எண்ணெயால் வந்ததா என்பதை அவராலும் அறிய முடியாது. நூற்றுக்கணக்கான மனச்சோர்வு நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்று மருத்துவருக்கும் தெரியாமல் பல வாரங்கள், பல அளவுகளில் நடத்தும் ஆய்வுதான் அதற்குப் பதில் சொல்லும்.

கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் எண்ணெய்களின் நிலை வேறு. அமெரிக்காவில் இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருட்களைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், லேபிளில் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போனது 26இல் மட்டுமே. 18 பொருட்களில் டிஎச்சி இருந்தது. எலிக்குக் கொடுத்தது தூய பொருள், எடைபோட்ட அளவு. குப்பியில் வருவது பெரும்பாலும் அப்படி இல்லை.

மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களுக்கு இன்னொரு விஷயம் மிக முக்கியம். கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி2சி19 என்ற நொதியைச் சிபிடி தடுக்கிறது. எசிட்டலோப்ராம் சிதைவதும் பெருமளவு அந்த நொதியால்தான், எனவே சிபிடியும் சேரும்போது இரத்தத்தில் எசிட்டலோப்ராமின் அளவு உயரக்கூடும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை எடுக்கும் நோயாளிகளிடம் சிபிடி சேர்ந்தபோது கல்லீரல் நொதிகள் உயர்வது அதிகமாகக் காணப்பட்டது, அதனால்தான் எபிடியோலெக்ஸ் தொடங்கும் முன்பும் பின்பும் கல்லீரல் பரிசோதனை செய்யப்படுகிறது. எந்த வடிவத்தில் சிபிடி எடுத்தாலும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்; எடுத்துக்கொண்டிருக்கும் மனச்சோர்வு மருந்தைத் தாமாக நிறுத்திவிட்டு அதன் இடத்தில் சிபிடியை வைக்கக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் போன்ற தொல்லைகள் சில நாட்களிலேயே தொடங்கலாம். தணிந்திருந்த மனச்சோர்வும் திரும்பக்கூடும்.